பாடம் நடத்தாத பல்கலைக்கழகத்தின் மாளிகை

சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது 1857-ல். தனக்கென்று ஒரு மண்டபத்தை அது கட்டி முடித்தது 1879-ல். நடுவில் இருந்த 22 ஆண்டுகளும் அது தேர்வு நடத்தியது, பட்டம் கொடுத்தது, விதிகள் எழுதியது. எல்லாமே பிறர் கட்டடங்களில்தான். அதற்கு வகுப்பறை இல்லை, பேராசிரியர் இல்லை, விடுதி இல்லை. கைமுதல் இல்லாமல் போனதால் இப்படி ஆகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். அன்றைய திட்டமே அதுதான்.

நேப்பியர் பாலம் இறங்கி மெரினா பக்கம் வருகிறவர்கள் வலப்பக்கத்தில் அந்தக் கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள். நான்கு மூலைகளிலும் கோபுரங்கள், அவற்றின் உச்சியில் வெங்காய வடிவக் கும்மட்டங்கள், வரிசையாக வளைவுகள், உயரமான சன்னல்கள். அதுதான் செனட் ஹவுஸ். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் "இது என்ன, அரண்மனையா?" என்று கேட்டு நானே பலமுறை காதில் வாங்கியிருக்கிறேன். உண்மையான அரண்மனை வாலாஜா சாலைக்குத் தெற்கே, அரசு அலுவலகங்களுக்குப் பின்னால் மறைந்து கிடக்கிறது. அரண்மனை போல நிற்கும் இந்தக் கட்டடமோ தேர்வு எழுதவும் பட்டம் வாங்கவும் எழுப்பப்பட்ட மண்டபம். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் அதன் வடிவம், அதன் பெருமை, பிற்பாடு அதற்கு நேர்ந்த கதி எல்லாம் புரியும் என்பது என் எண்ணம்.

கதை ஒரு மனுவிலிருந்து தொடங்குகிறது. 1839 நவம்பர் 11 தேதியிட்ட மனு அது. 70,000 பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அரசின் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன். மெட்ராஸ் மாகாணத்துக்கு உயர்கல்வி வேண்டும் என்பது கோரிக்கை. ராயபுரத்திலிருந்து முதல் ரயில் கிளம்ப இன்னும் 17 ஆண்டுகள் இருந்த காலம். அந்தக் காலத்தில் 70,000 கையெழுத்து என்றால் எத்தனை பேர் எத்தனை தெருக்களில் நடந்திருக்க வேண்டும்! பல்கலைக்கழகத்தை ஆங்கிலேயர் போட்ட பிச்சை என்று சொல்பவர்களும் உண்டு, அவர்கள் விரித்த வலை என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டு தரப்புமே இந்த 70,000 பேரைக் கணக்கில் எடுப்பதில்லை. அவர்கள் கேட்டார்கள். கேட்டதனால்தான் பேச்சே தொடங்கியது.

நார்ட்டனைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 1794-ல் இறந்துபோன பச்சையப்ப முதலியாரின் அறக்கட்டளைப் பணம் நீண்ட காலம் வழக்கில் சிக்கிக் கிடந்தது. அதைக் கல்விக்குத் திருப்பிவிட்டதில் இவருக்கும் பெரிய பங்கு உண்டு. 1842-ல் பச்சையப்பன் பள்ளி தொடங்கியது அப்படித்தான். சென்னையின் பழைய கல்வி வரலாற்றில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் இந்த மனிதர் எங்காவது ஓர் ஓரத்தில் நிற்பார்.

மனுவுக்குப் பதிலாக 1840-ல் நார்ட்டன் தலைமையில் ஒரு பல்கலைக்கழக வாரியம் அமைந்தது. 1841-ல் ஓர் உயர்நிலைப் பள்ளி திறந்தார்கள். ஈ. பி. பவல் அதன் தலைமை ஆசிரியர். 1855-ல் அதுவே மாநிலக் கல்லூரி ஆனது. ஆனால் பல்கலைக்கழகம் என்ற சொல் கோப்புகளிலேயே தூங்கியது. 1854-ல் சார்லஸ் வுட் லண்டனிலிருந்து அனுப்பிய கல்வி அறிக்கைதான் அதை எழுப்பியது. 1857 ஜனவரியில் கல்கத்தா, ஜூலையில் பம்பாய், செப்டம்பர் 5-ல் சென்னை என்று மூன்று பல்கலைக்கழகங்களுக்கும் அடுத்தடுத்துச் சட்டம் போட்டார்கள். கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் நடுவில் மீரட்டில் சிப்பாய்கள் எழுந்துவிட்டார்கள். சென்னைக்கான சட்டம் வந்தபோது டெல்லியை ஆங்கிலேயப் படை முற்றுகையிட்டுக் கொண்டிருந்தது. கம்பெனி ஆட்சியின் கடைசி மாதங்கள் அவை.

மூன்றுக்கும் முன்மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். அன்றைய லண்டன் பல்கலைக்கழகம் யாருக்கும் பாடம் சொல்லித் தரவில்லை. கல்லூரிகள் கற்பிக்கும், பல்கலைக்கழகம் தேர்வு வைக்கும், தேறியவருக்குப் பட்டம் கொடுக்கும். அவ்வளவுதான். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் போல ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் வாழ்வது என்ற எண்ணம் சென்னைச் சட்டத்தில் எங்கும் கிடையாது. பின்னாளில் வந்த கல்வியாளர்கள் பலர் இதைப் பெரிய குறையாகச் சொன்னார்கள். தேர்வுக்காகவே படிக்கும் பழக்கம், மனப்பாடம், மதிப்பெண் வெறி எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் என்றார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த ஏற்பாட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. அதைக் காட்ட முதல் பட்டதாரிகளிடம் போக வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இரண்டு பேர். இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஒருவர் கரோல் விசுவநாதபிள்ளை, மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் நடத்திய செமினரியில் படித்தவர்கள். விசுவநாதபிள்ளை அங்கேயே கணிதம் கற்பித்தவர். அந்த செமினரி 1855-லேயே மூடப்பட்டுவிட்டது. பாடம் நடத்திய இடம் கடலுக்கு அப்பால், அதுவும் மூடியாகிவிட்டது. இருந்தும் தேர்வு எழுதிப் பட்டம் வாங்க முடிந்தது. வகுப்பில் உட்கார்ந்தாயா, எந்த ஆசிரியரிடம் படித்தாய் என்பதையெல்லாம் மட்டுமே பார்க்கும் பல்கலைக்கழகமாக இருந்திருந்தால் இவர்கள் இருவரும் வாசலிலேயே நின்றிருப்பார்கள்.

அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு தாமோதரம்பிள்ளை என்ன செய்தார் என்பதைத் தமிழ் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரசு வேலை, வக்கீல் தொழில், புதுக்கோட்டையில் நீதிபதி பதவி என்று ஒரு பக்கம் வாழ்க்கை ஓடியது. மறு பக்கம் ஏடு தேடி அலைந்தார். வீரசோழியம் 1881, தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885, கலித்தொகை 1887, சூளாமணி 1889 என்று ஒன்றன்பின் ஒன்றாக அச்சில் வந்தன. தொட்டால் உதிரும் ஏடுகளைப் பற்றி அவர் தம் பதிப்புரையில் எழுதியதைப் படித்தால் இன்றும் நெஞ்சு பதறும். செனட் ஹவுஸின் அடித்தளமே போடாத காலத்தில் வெளியே வந்த பட்டதாரி அவர். பல்கலைக்கழகம் தன் கட்டடத்தைவிட மூத்தது என்று நான் சொல்வது இதனால்தான்.

இதில் எனக்குச் சொந்த ஈடுபாடும் உண்டு. நானும் இந்தப் பல்கலைக்கழகத்தின் வகுப்பில் உட்காராமல் பட்டம் வாங்கியவன். 1981-ல் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வி நிறுவனத்தைத் தொடங்கியது. எங்களைப் போன்ற கடைச் சிப்பந்திகள், ராணுவ வீரர்கள், கல்யாணமாகிப் படிப்பை விட்ட பெண்கள் எல்லாருக்கும் அது ஒரு கதவு. பகலில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டு, இரவில் தபாலில் வந்த பாடப் புத்தகங்களைப் பிரித்து வரலாறு படித்தேன். மாவட்டத் தலைநகரில் ஒரு பள்ளியில் தேர்வு மையம். பட்டமளிப்பு விழாவுக்குப் போகவில்லை, சான்றிதழ் தபாலில் வந்தது. அதைக் கையில் வாங்கிய அம்மா முதலில் தடவிப் பார்த்தது எழுத்தை அல்ல, முத்திரையை. "இது மெட்ராஸ் முத்திரையாடா?" என்றார். ஆமாம் என்றேன். யாழ்ப்பாணத்து இரண்டு பேருக்குக் கிடைத்த அதே பல்கலைக்கழகத்தின் முத்திரை என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சாதாரணமானதல்ல.

சரி, கட்டடத்துக்கு வருவோம்.

சேப்பாக்கத்தில் 1768-ல் எழுந்தது ஆற்காட்டு நவாபின் அரண்மனை. கடைசி நவாப் குலாம் கவுஸ் கான் 1855-ல் வாரிசு இல்லாமல் இறந்தார். ஆங்கிலேய அரசு பட்டத்தையே ஒழித்தது. அரண்மனை ஏலத்துக்கு வந்தது, அரசே அதை வாங்கிக்கொண்டது. கடற்கரையை ஒட்டிய அந்த நிலப்பரப்பு முழுவதும் பொதுக் கட்டடங்களுக்கு உரிய இடமாக மாறியது. 1864-ல் மாநிலக் கல்லூரிக்கும் செனட் ஹவுஸுக்கும் சேர்த்து வரைபடப் போட்டி ஒன்றை அரசு அறிவித்தது. வென்றவர் ராபர்ட் ஃபெல்லோஸ் சிசோம், வங்காளப் பொதுப்பணித் துறையில் இருந்த இளம் பொறியாளர். அந்த வெற்றி அவரைச் சென்னைக்கு இழுத்து வந்தது. நகரத்தின் முகத்தையே அவர் மாற்றிவிட்டார்.

மாநிலக் கல்லூரியை முதலில் கட்டினார்கள். 1867-ல் தொடங்கி 1870-ல் முடித்தார்கள். அது பெரும்பாலும் இத்தாலியப் பாணி. செனட் ஹவுஸுக்கு 1874-ல் வேலை தொடங்கியது. இடையில் இருந்த அந்தச் சில ஆண்டுகளில் சிசோமின் மனம் திரும்பிவிட்டது. ஆளுநர் நேப்பியர் பிரபு இந்தியக் கட்டடக் கலையின் மேல் பெரிய மதிப்பு வைத்திருந்தவர். இந்த வெயிலுக்கும் இந்த மண்ணுக்கும் உள்ளூர்க் கட்டடக் கலையே பொருத்தம் என்று பேசியவர். நவாபின் அரண்மனையின் கலச மஹாலையும் ஹுமாயூன் மஹாலையும் ஒரு கோபுரத்தால் இணைத்து வருவாய்த் துறை அலுவலகமாக்கும் வேலையும் சிசோமிடம் வந்தது. அரண்மனையை அங்குலம் அங்குலமாகப் பார்க்க அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. அதன் பலன் செனட் ஹவுஸில் தெரிகிறது. கும்மட்டங்களும் வளைவுகளும் பக்கத்து அரண்மனையோடு பேசுகின்றன. உட்புற அலங்காரத்தில் பைசாண்டியச் சாயல். இதைத்தான் இந்தோ-சாரசெனிக் பாணி என்கிறோம். ஒரே மனிதர், ஒரே சாலை, பத்து ஆண்டுகூட இடைவெளி இல்லை. மாநிலக் கல்லூரியைப் பார்த்துவிட்டு அப்படியே வடக்கே நடந்து செனட் ஹவுஸைப் பார்த்தால், ஒரு கலைஞர் ஒரு நாட்டைக் கற்றுக்கொண்ட பாதையை நம் காலாலேயே அளந்துவிடலாம். சென்னையில் கட்டடக் கலை படிக்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் வேறெங்கும் கிடைக்காது.

அரசியலையும் பார்க்கத்தான் வேண்டும். நவாபின் ஆட்சியை முடித்து, அவர் மாளிகையை எடுத்துக்கொண்டு, அதே மாளிகையின் சாயலில் புது ஆட்சியின் மண்டபத்தைக் கட்டுவது வெறும் ரசனை சார்ந்த காரியமாக இருக்க முடியாது. இனி இந்த மண்ணுக்கு நாங்கள்தான் வாரிசு என்று செங்கல்லில் எழுதுவது அது. சிசோமின் மனதில் என்ன இருந்ததோ, அரசின் மனதில் இது இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். கட்டடத்தின் அழகை ரசிப்பதற்கு இந்த நினைப்பு தடை ஆவதில்லை. இரண்டையும் சேர்த்தே பார்க்கப் பழகிக்கொண்டேன்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செனட் ஹவுஸ் எழுந்தது 1874 முதல் 1879 வரை. தாது வருஷப் பஞ்சம் 1876-ல் தொடங்கி 1878 வரை மாகாணத்தைச் சூறையாடியது. லட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள். நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியத்துக்கான கூலி போதும் என்று இந்திய அரசு அனுப்பிய பஞ்ச அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் விதித்தார். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதியை 1877-78-ல் வெட்டியது பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்கள்தான். அந்தக் கால்வாய் சேப்பாக்கத்துக்குப் பின்புறமாகவே ஓடுகிறது. முன்பக்கம் கண்ணாடி ஓவியங்களும் கும்மட்டங்களும் ஏறிக்கொண்டிருந்தன. பின்பக்கம் எலும்பும் தோலுமான மனிதர்கள் மண் சுமந்துகொண்டிருந்தார்கள். செனட் ஹவுஸைப் பற்றி எழுதுபவர்கள் கால்வாயைப் பற்றி எழுதுவதில்லை, கால்வாயைப் பற்றி எழுதுபவர்கள் செனட் ஹவுஸைத் தொடுவதில்லை. ஒரே ஊர், ஒரே ஆண்டுகள், சில நூறு கஜ தூரம். வரலாறு படித்தவன் என்ற முறையில் இந்த இரண்டையும் பிரித்து எழுத எனக்கு மனம் வருவதில்லை.

உள்ளே ஒரு முறை நிற்கும் வாய்ப்பு, ஏதோ ஒரு நிகழ்ச்சிக்காக மண்டபம் திறந்திருந்த நாளில் கிடைத்தது. பெரிய மண்டபம் ஏறத்தாழ 130 அடி நீளம், 58 அடி அகலம், 54 அடி உயரம். எண்களைப் படிக்கும்போது ஒன்றும் தோன்றாது. நடுவில் நின்று கழுத்தை அண்ணாந்தால்தான் தெரியும். மேற்கூரையின் ஓவியம், உயரமான சன்னல்களில் நிறக் கண்ணாடி, இரண்டு பக்கமும் நீண்ட தாழ்வாரங்கள். கடற்காற்று குறுக்கே ஓடும்படி வைத்திருக்கிறார்கள். மின்விசிறி கண்டுபிடிக்காத காலத்தில் நூற்றுக்கணக்கானவர்களை மணிக்கணக்கில் உட்கார்த்தித் தேர்வு எழுத வைக்க வேண்டுமென்றால் இந்த உயரமும் இந்தக் காற்றோட்டமும் இல்லாமல் முடியாது. அலங்காரம் என்று நாம் நினைக்கும் பாதி விஷயங்கள் அங்கே வேலை செய்துகொண்டிருக்கின்றன. தேர்வு நடக்காத நாளில் பட்டமளிப்பு, பல்கலைக்கழகத்தின் ஆட்சிப் பேரவையான செனட்டின் கூட்டம். மெரினா உலாவிடம் 1884-ல்தான் போடப்பட்டது. ஆகவே முதல் சில ஆண்டுகள் இந்த மண்டபத்துக்கும் கடலுக்கும் நடுவே வெறும் மணல்தான் இருந்திருக்கும்.

பல்கலைக்கழகம் தேர்வு வைப்பதோடு நிற்காமல் தானே ஆராயவும் கற்பிக்கவும் முன்வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். 1904-ன் பல்கலைக்கழகச் சட்டம் அதற்கு வழி திறந்தது. அந்த மாற்றத்தை ஒரே ஆளின் வாழ்க்கையில் காட்டச் சொன்னால் நான் ராமானுஜனைக் காட்டுவேன். கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்து, பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, பி.ஏ.வுக்கு முந்தைய படியான, இதே பல்கலைக்கழகத்தின் எஃப்.ஏ. தேர்வில் தோற்று, மறுபடியும் எழுதி மறுபடியும் தோற்றவர். கணிதம் தவிர மற்றப் பாடங்கள் அவரைக் கீழே தள்ளின. தேர்வு மட்டுமே வைக்கும் நிறுவனத்தின் கண்ணில் அவர் தேறாத பையன், அவ்வளவுதான். 1912-ல் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தா ஆனார்.

அடுத்த ஆண்டே நிலைமை தலைகீழானது. 1913 மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அவருக்குக் கொடுத்தது இதே பல்கலைக்கழகம். பட்டம் இல்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை தர விதியில் இடமில்லை. விதியை ஒதுக்கி வைத்துவிட்டுக் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. 1914 மார்ச்சில் அவர் கப்பல் ஏறியபோது இங்கிலாந்தில் தங்கவும் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் ஒதுக்கியது. ராமானுஜனைப் பற்றிப் பேசும்போது கேம்பிரிட்ஜையும் அவரை அங்கே அழைத்த கணித மேதை ஹார்டியையும் பேசுகிறோம். சேப்பாக்கத்தில் உட்கார்ந்து தங்கள் சட்டத்தையே வளைத்த அந்தக் குழுவுக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும். விதியைக் காட்டி மறுப்பது எவ்வளவு எளிது என்பது அலுவலகம் ஏறி இறங்கிய எல்லாருக்கும் தெரியும்.

அந்த இருபது முப்பது ஆண்டுகள் இந்தப் பல்கலைக்கழகத்தின் பொற்காலம் என்றே சொல்வேன். 1914-ல் இந்திய வரலாறு, தொல்லியல் துறை. முதல் பேராசிரியர் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார், அவருக்குப் பின் 1929-ல் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி. சோழர் வரலாறு என்று இன்று நாம் பேசுவதில் பெரும்பகுதி அங்கே உருவானது. பொருளியல் துறைக்கு 1915-ல் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் மாணவர்களைச் சொந்தக் கிராமங்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன், சாதி, கால்நடை எல்லாவற்றையும் கணக்கெடுக்க வைத்தார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டும் தஞ்சைப் பக்கத்துப் பாலக்குறிச்சியும் அப்படித்தான் ஆய்வுலகில் பெயர் பெற்றன. அதே கிராமங்களுக்கு 1930-களில் மறுபடியும் போனார்கள். ஒரு கிராமத்தை இருபது ஆண்டு இடைவெளியில் திரும்பிப் பார்க்கும் பழக்கம் அன்றே இங்கே இருந்தது.

நூலகத்துக்கு 1924-ல் வந்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். அதற்கு முன் மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியர். நூலகவியலின் ஐந்து விதிகளை 1931-ல் இங்கிருந்துதான் உலகத்துக்குக் கொடுத்தார். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது அவற்றில் முதல் விதி. செனட் ஹவுஸ் பக்கத்திலேயே மணிக்கூண்டோடு நிற்கும் நூலகக் கட்டடம் 1936-ல் திறந்தது.

அப்புறம் தமிழ்ப் பேரகராதி. இது இல்லாமல் இந்தக் கதை முடியாது. ஜே. எஸ். சாண்ட்லர் என்ற அமெரிக்க மிஷனரியைப் பதிப்பாசிரியராக வைத்து 1913-ல் தொடங்கிய வேலை அது. 1926-ல் எஸ். வையாபுரிப் பிள்ளை பொறுப்பேற்றார். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1,04,405 சொற்கள். 1939-ல் அனுபந்தம், இன்னும் 13,357 சொற்கள். அதன் வடமொழிச் சார்பு, விடுபட்ட வட்டாரச் சொற்கள் என்று பல குறைகளை அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் ஒரு பழைய பாட்டில் சொல் புரியாமல் நின்றால் இன்றும் முதலில் அதைத்தான் திறக்கிறேன். 1932-ல் பல்கலைக்கழகம் உ. வே. சாமிநாதையருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. கல்லூரியில் படிக்காத, எந்தத் தேர்வும் எழுதாத ஆசிரியருக்கு, தேர்வுக்காகவே பிறந்த ஒரு நிறுவனம் தலை வணங்கியது. முதல் பட்டதாரியும் ஏடு தேடியவர், இவரும் ஏடு தேடியவர். இந்தப் பொருத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

1937-ல் மண்டபத்துக்கு வேறொரு விருந்தாளி வந்தது. மாகாண சுயாட்சிச் சட்டத்தின்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட 215 உறுப்பினர் கொண்ட சட்டமன்றம், ஜூலை மாதம் முதல் முறையாகக் கூடியது செனட் ஹவுஸில்தான். ராஜாஜி பிரதமர் (மாகாண முதலமைச்சரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்), புலுசு சாம்பமூர்த்தி சபாநாயகர், ருக்மிணி லட்சுமிபதி துணை சபாநாயகர். பட்டம் வாங்கிய இடத்தில் நின்று சட்டம் பேசிய உறுப்பினர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் கூட்டங்கள் இப்போதைய ராஜாஜி மண்டபத்துக்கு மாறிவிட்டன. அவ்வளவு குறுகிய காலம்தான். ஆனால் நம்முடைய சட்டமன்ற வரலாற்றில் அந்தக் கூட்டத்தொடர் இந்த மண்டபத்துக்கு உரியது.

ஒரு காலத்தில் ஐதராபாத்தின் நிஜாம் கல்லூரி, பெங்களூரின் சென்ட்ரல் கல்லூரி, திருவனந்தபுரத்தின் மகாராஜா கல்லூரி எல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. மைசூர் 1916-ல் பிரிந்தது, உஸ்மானியா 1918, ஆந்திரா 1926, அண்ணாமலை 1929, திருவிதாங்கூர் 1937. பிறகு மதுரை 1966, பாரதியாரும் பாரதிதாசனும் 1982, வேலூரில் திருவள்ளுவர் 2002. இப்போது சென்னையும் அதை ஒட்டிய மாவட்டங்களும்தான் மிச்சம். இதை நான் வீழ்ச்சியாகப் பார்க்கவில்லை. ஒரு மாணவன் தேர்வுக்காகவோ சான்றிதழுக்காகவோ இருநூறு மைல் வர வேண்டிய நிலை மாறியது நல்லதே.

கட்டடத்துக்குத்தான் அது நல்லதாக அமையவில்லை. தேர்வுகள் அந்தந்தக் கல்லூரிகளுக்குப் போய்விட்டன. ஏ. லட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்தார். அந்தக் காலத்தில்தான் 1957-ன் நூற்றாண்டு விழா வந்தது, அதன் நினைவாக நூற்றாண்டு மண்டபம் எழுந்தது. விழாக்கள் அங்கே போயின. எந்த இரண்டு வேலைக்காகக் கட்டினார்களோ அந்த இரண்டும் செனட் ஹவுஸை விட்டுப் போய்விட்டன. வகுப்பறைகள் உள்ள கட்டடமாக இருந்தால் ஏதாவது ஒரு துறை குடியேறி, ஒழுகும் இடத்தைக் காட்டிச் சண்டை போட்டாவது காப்பாற்றியிருக்கும். ஒரே ஒரு மாபெரும் மண்டபத்தில் யார் குடியேறுவது? பூட்டிய கதவுக்குள் பல ஆண்டுகள் சிதிலமடைந்தது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவருக்குக் கடற்காற்றின் உப்பு பெரிய எதிரி. ஈரம் ஏறி, உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி, மேல்தோலை உரித்து எடுக்கும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மோசமாகும். பல்கலைக்கழகத்தின் 150-ஆம் ஆண்டை ஒட்டித்தான் முறையாகச் செப்பனிட்டார்கள். ஓவியங்களும் நிறக் கண்ணாடிகளும் மறுபடி உயிர் பெற்றன. அந்த வேலையில் கை வைத்த கொத்தனார்களையும் ஓவியர்களையும் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

ஆனால் செப்பனிட்ட பிறகும் நினைத்த நாளில் உள்ளே போய்ப் பார்க்க வழியில்லை. இங்கேதான் என் வருத்தம். காற்றோடாத சுண்ணாம்புக் கட்டடம் மறுபடி நோய்ப்படும், அது ஒன்று. மற்றொன்று, இந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம் வைத்திருக்கும் லட்சக்கணக்கான குடும்பங்களில் பெரும்பாலோர் இந்த மண்டபத்தை வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறார்கள். பல்கலைக்கழகம் பணத்துக்குத் திண்டாடும் காலம் இது என்பதும் தெரியும். ஓய்வூதியத்துக்கே இழுபறி என்று செய்தி வரும்போது கட்டடத்தைப் பற்றிப் பேசுவது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். நான் கேட்பது பெரிய செலவு இல்லை.

வாரத்தில் ஒரு காலை மட்டும் திறக்கட்டும். சனிக்கிழமை என்றால் பள்ளிப் பிள்ளைகளும் வரலாம். சுவரோரமாகச் சில மேசைகள் போதும். ஒன்றில் யாழ்ப்பாணத்து முதல் பட்டதாரிகளும் அவர்களில் ஒருவர் பதிப்பித்த நூல்களின் முதல் அச்சும். ஒன்றில் பேரகராதியின் தொகுதிகள். ஒன்றில் ராமானுஜனின் உதவித்தொகை பற்றிய ஆவணங்களின் நகல். ஒன்றில் ஸ்லேட்டரின் கிராமங்கள். சட்டமன்றத்தின் 1937 படங்களுக்கு ஒரு பலகை. பக்கிங்ஹாம் கால்வாயையும் இந்த மண்டபத்தையும் ஒரே வரைபடத்தில் காட்டும் ஒரு பலகை கட்டாயம் வேண்டும். நுழைவுச் சீட்டுக்கு ஒரு சிறு தொகை வைத்தால் பராமரிப்புக்கு ஆகும். ஆள் இல்லை என்று நிர்வாகம் சொன்னால், வாசலில் உட்கார்ந்து சீட்டுக் கிழித்துக் கொடுக்கவும், வருகிறவர்களுக்குக் கதை சொல்லவும் நான் வருகிறேன். அஞ்சல்வழியில் என்னோடு படித்த நண்பர்களிடம் பேசிப் பார்த்தேன். அவர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.